பச்சை எரிந்தால் பூங்கா

பூங்காவின் கதவு எங்களைப் பார்த்து மூடிக்கொண்ட அன்று என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கதவுக்குக் காது இல்லை, அதனால் அது கவலைப்படவில்லை. பக்கத்தில் நின்ற காவலாளிதான் பாவம், தலையைக் குனிந்துகொண்டார்.

என் பெயர் ஷர்மிளா. பள்ளிச் சீருடை தைக்கிற கம்பெனியில் வேலை. கருணை நகர் குடியிருப்பின் கடைசி மாடியில் வீடு. கருணை நகர் என்று பெயர் வைத்தவனுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். வீட்டுக்கு ஓர் அறை. நடையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். வளாகம் முழுக்கத் தேடினாலும் ஒரு மரம் கிடையாது, வைத்த கன்றுகளெல்லாம் பெருவெயில் ஆண்டுகளில் கருகிப்போயின. எங்களுக்கு எதிரே மரகத மாடங்கள். அங்கே ஒவ்வொரு மாடியிலும் தொங்கும் தோட்டம், ஒவ்வொரு அறையிலும் குளிர்ச்சி. இரண்டுக்கும் நடுவில் நீர்முள்ளிப் பூங்கா. நகரத்தின் இந்தப் பக்கத்தில் பிழைத்திருக்கிற ஒரே பூங்கா அதுதான்.

இருப்பது ஒரு பூங்கா, கேட்பது லட்சம் பேர் என்று ஆனபோதுதான் பசுமை நல வாரியம் வந்தது. எல்லார் கையிலும் ஒரு வளையத்தை மாட்டியது. மனக்காப்பு என்று பெயர். நாடித்துடிப்பையும் வியர்வையையும் வைத்து மனதின் இறுக்கத்தை அது எந்நேரமும் அளக்கும். பூங்காவுக்குள் போனதும் இறுக்கம் குறைந்தால் பச்சை விளக்கு, ஏறினால் சிவப்பு. ஒரு குடியிருப்பு ஆட்களுக்கு உள்ளே சிவப்பு மிகுந்தால் அடுத்த முறை அந்தக் குடியிருப்புக்கே கதவு திறக்காது. வாசலிலேயே சிவப்பு எரிகிறவருக்கும் திறக்காது. யாருக்குப் பூங்காவால் நன்மை அதிகமோ அவர்களுக்கே பூங்கா. காசு பார்க்காது, சாதி பார்க்காது, அளவை மட்டும்தான் பார்க்கும் என்று மைக் வைத்துச் சொன்னார்கள். கேட்டபோது எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

எங்களுக்கு மாலையில் ஒரு மணி நேரம் கிடைத்தது. எங்கள் பெண்கள் அங்கே போனது நடைப்பயிற்சிக்கு அல்ல. நாள் முழுக்க நின்றும் நடந்தும் வேலை செய்கிறவளுக்கு நடைப்பயிற்சி எதற்கு? நாங்கள் போனது அழுவதற்கு.

சிரிக்காதீர்கள். ஓர் அறையில் மாமியார், கணவன், கொழுந்தன், பிள்ளைகள் எல்லோரும் இருந்தால் எங்கே உட்கார்ந்து அழுவது? விளக்கு வைக்கிற நேரத்தில் அழுதால் வீட்டுக்கு ஆகாது என்பாள் மாமியார். கழிவறைக்குள் போய் அழலாம் என்றால் வெளியே நாலு பேர் கதவைத் தட்டுவார்கள். சாவு விழுந்தால்கூட இதே கதைதான். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் யார் பிணத்தை மேலே தூக்குவார்கள்? ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மின்மயானம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோள்மேல் கைபோட்டு, தலையோடு தலை சாய்த்து ஒப்பாரி வைக்க வேண்டுமே, அந்த வட்டத்துக்கு எங்கள் குடியிருப்பில் தரை கிடையாது. பூங்காவின் மேற்குக் கோடியில் இருந்தது. அங்கே பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிழல் விரித்து நிற்கும். அதன் கீழே யாராவது ஒருத்தி ஆரம்பிப்பாள். அவள் துக்கத்தில் தொடங்கி எல்லாருடைய துக்கமும் வெளியே வரும். முடிந்ததும் மூக்கைச் சிந்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்துகொண்டே வீடு திரும்புவோம். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரும்.

அந்தக் கோடை எல்லோருக்கும் முன்னால் அழ வேண்டியிருந்தவள் மோனிஷா. என் பக்கத்து வீடு. ஒரே மகள் தன்யா, முதல் வகுப்பு முடித்திருந்தாள். மே மாதத்தில் ஒருநாள் பகல் முழுக்க மின்சாரம் இல்லை. எங்கள் தளத்துக்கு மேலே மொட்டை மாடிதான், வெயில் நேரே தலையில் இறங்கும். குழந்தை துவண்டுபோய், "பூங்காவுக்குப் போலாமாம்மா, அங்க சில்லுனு இருக்கும்" என்று கேட்டிருக்கிறது. பகல் நேரம் மரகத மாடத்துக்காரர்களுடையது. "சாயங்காலம் போலாம்டி கண்ணு" என்று சொல்லிக்கொண்டே ஈரத்துணி போட்டுப் பார்த்திருக்கிறாள் மோனிஷா. சாயங்காலம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் மரத்தடிக்கு வந்து அழுதாள். அவள் அழ, நாங்களும் அழுதோம். எங்கள் கைகளில் எல்லாம் சிவப்பு எரிந்தது. பெண்கள் மட்டும் அழுதோம், கதவு கருணை நகர் முழுவதற்கும் மூடியது.

வாரியத்திலிருந்து பேச வந்தவர் பிரணவ் என்ற இளைஞர். நல்ல பையன். மரியாதையாகப் பேசுவார், தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிப்பார். அதுதான் எனக்கு எரிச்சலே. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டு வந்துவிடலாம்.

"கோபப்படாதீங்கக்கா. மெஷின் பொய் சொல்லாது. உங்க குடியிருப்பு ஆளுங்க உள்ள வந்தா டென்ஷன் ஏறுது. டேட்டா தெளிவா இருக்கு. பூங்கா உங்களுக்கு ஒத்துக்கல."

"ஒத்துக்காததுக்கு அது இன்னா கத்திரிக்காயாடா?" என்று பாய்ந்தாள் இந்திராக்கா. இந்திராக்கா தரைத்தளத்தில் மீன் விற்கிறவள். அவள் குரலை ஏழு மாடிக்கும் கேட்கிற மாதிரிதான் கடவுள் செய்திருக்கிறான்.

"அழுதா மனசு லேசாவும் தம்பி," என்றேன் நான். "அப்ப ஏறும், அப்பறம் எறங்கிடும். ராத்திரி பாருங்க, நாங்க நிம்மதியா தூங்குறோம்."

"அது வீட்ல நடக்குதுக்கா. பூங்காவுக்குள்ள இருக்கற நேரத்த மட்டும்தான் நாங்க கணக்குல எடுக்கறோம்."

"மரகத மாடத்து ஆளுங்களுக்கு?" என்றேன்.

"உள்ள வந்த கொஞ்ச நேரத்துல பச்சை வந்துடும். அவங்களுக்குப் பூங்கா நல்லா வேலை செய்யுது."

"செய்யாம? ஏசியிலேர்ந்து வர்றாங்க, ஏசிக்குத் திரும்பிப் போறாங்க. கொஞ்சூண்டு டென்ஷன், சட்டுனு எறங்கிடுது. நாங்க மூட்டையா சொமந்துட்டு வர்றோம். அவுத்துக் கொட்டுறதுக்கே நேரம் ஆவாதா? கம்மியா இருக்கறவனுக்கு சீக்கிரம் குணமாவுதுன்னு அவனுக்கே மருந்தக் குடுத்தா, அது இன்னா வைத்தியம்?"

பிரணவ் தன் டேப்லெட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒரு மாசம் சோதனை அனுமதி வாங்கித் தரேன். பச்சை வந்தா கதவு மறுபடி உங்களுது. அதுக்கு மேல என்னால முடியாது" என்றார்.

அன்றைக்கு மாலையே படிக்கட்டில் கூட்டம் போட்டாள் இந்திராக்கா. "இந்தா, எல்லாம் கேட்டுக்கோங்க. ஒருத்தி கண்ணுலேர்ந்து ஒரு சொட்டு தண்ணி வரக் கூடாது. வந்துச்சு, மூஞ்ச பேத்துடுவேன்."

எல்லோரும் மோனிஷாவைப் பார்த்தோம். அவளாகவே சொன்னாள்: "நான் அழமாட்டேன்க்கா. என்னால எல்லார் வூட்டு புள்ளைங்களுக்கும் கதவு மூட வேணாம்."

அந்த மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தூங்குமூஞ்சி மரத்தடியில் சாமி சிலைகளைப் போல உட்கார்ந்திருந்தோம். ஒருத்தி வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தாள். ஒருத்தி புளியங்கொட்டையை வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டே இருந்தாள். சிரித்தாலும் நாடி ஏறுகிறது என்று தெரிந்ததும் சிரிப்பையும் நிறுத்தினோம். புருஷனிடம் அடிபட்டு வந்த ஒரு பெண், கன்னம் வீங்கிய நிலையில், மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பச்சை வாங்கினாள். கை தட்டினோம், சத்தம் வராமல்.

எல்லாரையும்விட நல்ல பச்சை மோனிஷாவுக்கு வந்தது. முதல் வாரம் மஞ்சளும் சிவப்புமாகத் தடுமாறியது. பிறகு ஒருநாள் பச்சை வந்து அப்படியே நின்றுவிட்டது. உள்ளே வந்தாலும் பச்சை, வெளியே போனாலும் பச்சை. நகரத்திலேயே அவ்வளவு தாழ்ந்த இறுக்க அளவு யாருக்கும் வந்ததில்லையாம். வாரியத்தில் பாராட்டு. அவள் முகத்தைப் படம் பிடித்துப் பூங்கா வாசல் திரையில் போட்டார்கள். கீழே பெரிய எழுத்தில், "மகளை இழந்த தாயை மீட்ட மரங்கள்".

கதவு மறுபடி எங்களுடையது ஆனது. குடியிருப்பில் லட்டு கொடுத்தார்கள். நானும் இரண்டு தின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொத்தமல்லி கேட்க மோனிஷா வீட்டுக்குப் போனேன். அடுப்பில் தோசைக்கல். அவள் தோசைத்திருப்பியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையைக் கல்லின் ஓரத்தில் ஊன்றியிருந்தாள். சுவரில் மாட்டியிருந்த தன்யாவின் பள்ளிப் பைமேல் கண். கருகிய வாடை வந்தது. தோசை என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஓடிப்போய்க் கையை இழுத்தேன். உள்ளங்கை வெந்திருந்தது. என் தொண்டைதான் அலறியது, அவள் தொண்டை அல்ல. மெதுவாகத் திரும்பி, "இன்னாக்கா?" என்றாள். அந்த மணிக்கட்டில் மனக்காப்பு அழகாகப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு மறுநாள் வாரிய அலுவலகத்துக்குப் போனேன். பிரணவ் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். நான் உட்காரவில்லை.

"கை வேவும்போதும் உங்க வளையல் பச்சை காட்டுது சார். அது ரிப்பேரா, இல்ல நீங்க ரிப்பேரா?"

அவர் மோனிஷாவின் அளவுகளைத் திரையில் எடுத்துப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது. "மெஷின் சரியாத்தான் இருக்கு. உடம்பு நிஜமாவே அமைதியா இருந்திருக்கு."

"அமைதின்னா? நிம்மதியா இருந்தாலும் அமைதி, உள்ளுக்குள்ள செத்துப்போனாலும் அமைதியா?"

"அந்த வித்தியாசத்த அது பிரிச்சுப் பாக்காதுக்கா," என்றார் மெதுவாக.

"பிரிச்சுப் பாக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும்தான் வாசல்ல படம் போட்டீங்களா?"

அந்த நேரம் பார்த்து அவருடைய மேலதிகாரி கதவைத் திறந்து, வெள்ளிக்கிழமை பாராட்டு விழாவுக்கு மோனிஷாவை நல்ல சேலையில் அழைத்து வரச் சொல்லிவிட்டுப் போனார். பிரணவ் தரையைப் பார்த்தார்.

விழா பூங்காவுக்குள்ளேயே நடந்தது. முன்வரிசையில் மரகத மாடத்துக்காரர்கள், பின்னால் நாங்கள். மோனிஷாவை மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். கையில் கட்டு, கழுத்தில் ரோஜா மாலை. யாரோ பேசினார்கள், இந்தத் தாய் நமக்கெல்லாம் முன்மாதிரி என்று. துக்கத்தை வெல்வது அவரவர் கையில்தான் இருக்கிறது, மரம் வழி காட்டும், மனம்தான் நடக்க வேண்டும் என்று. முன்வரிசை கை தட்டியது. மோனிஷா மேடையில் மாலையின் பூவிதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கவனித்தவள் இந்திராக்கா. மூஞ்சியைப் பேத்துவிடுவேன் என்று எங்களை மிரட்டியவள். "அடியே" என்றாள், யாரிடம் என்று தெரியாமல். எழுந்தாள். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடையேறினாள். மாலையைப் பிடுங்கி எறிந்தாள். மோனிஷாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தோளில் கைபோட்டு, தலையோடு தலை சாய்த்து, ஒப்பாரியை எடுத்தாள்.

"கொளுத்துற வெயிலுல நெழலு கேட்டியே, என் பொன்னு தன்யாவே,
கூப்புடு தூரத்து மரத்துக்குக் கதவு போட்டானுங்களே, என் கண்ணு தன்யாவே..."

மைக் அணைக்கப்படவில்லை. பூங்கா முழுக்க அது கேட்டது. நாங்கள் ஒவ்வொருத்தியாக மேடையேறினோம். வட்டம் கூடியது. நடுவில் மோனிஷா மரக்கட்டையாக இருந்தாள். பிறகு அவள் தோள் ஒருமுறை குலுங்கியது. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அதை அளக்க வாரியத்திடம் எந்தக் கருவியும் கிடையாது. அவள் மணிக்கட்டில் சிவப்பு எரிந்தது. அவ்வளவு அழகான சிவப்பை நான் பார்த்ததே இல்லை. "அழுடி, அழு, நல்லா அழு" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் கதவு திறக்கவில்லை. வாசல் திரையில் மோனிஷாவின் படமும் இல்லை.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. வாசலுக்கு எதிரே நடைபாதையில் வட்டமாக உட்கார்ந்தோம். நடைபாதை நகரத்துச் சொத்து, அதற்கு இன்னும் வளையம் மாட்டவில்லை. அழுதோம். அடுத்த நாளும் வந்தோம், அதற்கடுத்த நாளும். மோனிஷா இப்போது சோறு தின்றாள், ராத்திரி கொஞ்சம் தூங்கினாள், உள்ளங்கை எரிகிறது என்று முனகினாள். எரிகிறது என்று அவள் சொன்னதில் எனக்கு வந்த சந்தோஷத்தைப் பெற்ற தாய்க்குத்தான் சொல்லிப் புரியவைக்க முடியும்.

நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று அதற்குள் நடந்துகொண்டிருந்தது. ஒப்பாரிக்கு மதில் தெரியாது. எங்கள் மாலை நேரத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு உள்ளே நடை பழகிய மரகத மாடத்துக்காரர்கள் காதில் அது விழுந்தது. நாடி ஏறியது. யோகா விரிப்புகளில் வரிசையாகச் சிவப்பு எரிந்தது. ஒருநாள், இரண்டு நாள் இல்லை, வாரம் முழுக்க. இயந்திரம் நேர்மையானது என்றுதானே சொன்னார்கள்? அது தன் நேர்மையைக் காட்டியது. அடுத்த திங்கட்கிழமை மாலை விலையுயர்ந்த காலணிகளோடு வந்த மரகத மாடத்துக்காரர்கள் வாசலில் கையை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். கதவு திறக்கவில்லை. பூங்கா அவர்களுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

"கத்திரிக்கா!" என்று கத்தினாள் இந்திராக்கா. அழுதுகொண்டிருந்த வட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

கதவு எங்களுக்குத் திரும்பக் கிடைக்க ஒரு மாதம் அழாமல் இருந்து காட்ட வேண்டியிருந்தது. அவர்களுக்கு விதியே மாறியது, மறுநாள் மாலைக்குள். பிரணவ் வந்து வாசலில் நின்று டேப்லெட்டைப் பார்த்து வாசித்தார். "வெளிக்காரணத்தால் ஏறும் இறுக்கம் இனிமேல் கணக்கில் சேராது." கதவு திறந்தது. காலணிகள் உள்ளே போயின. நாங்கள் எழுந்து ஓடிப்போய்க் கையை நீட்டினோம். கதவு மூடிக்கொண்டது.

"எங்களுது சார்?" என்றேன்.

"அவங்களுக்கு ஏறினது வெளிச் சத்தத்தாலக்கா," என்றார் பிரணவ். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. "உங்களுது... உங்க மனசுக்குள்ளேர்ந்து வர்றது. அத வெளிக்காரணம்னு எழுத முடியாது."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மோனிஷா முன்னால் வந்தாள். தன்யா போன பிறகு அவள் வெளியாளிடம் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"எம் பொண்ணு என் மனசுக்குள்ளயா செத்தா சார்?" என்றாள். குரல் ஏறவில்லை. "வெளியிலதானே செத்தா? வெயில் நான் வச்சதா? கரண்ட நான் நிறுத்துனனா? இந்தக் கதவ நான் போட்டனா? அவங்களுக்கு எங்க சத்தம் வெளியில. எங்களுக்கு நீங்க எல்லாரும் வெளியில. அத ஏன் சார் என் மனசு மேல எழுதுறீங்க?"

பிரணவின் மணிக்கட்டில் சிவப்பு எரிவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவரும் பார்த்தார். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளே போவதற்காகக் கதவின் முன் கையை நீட்டினார். கதவு அவருக்கும் திறக்கவில்லை.

ஒரு நொடி அவர் எங்களோடுதான் நின்றார். அந்த ஒரு நொடியில் அவர்மேல் எனக்கு இரக்கம்கூட வந்தது. இந்திராக்கா கொஞ்சம் நகர்ந்து, "உக்காரு சார், எடம் கீது" என்றாள்.

அவர் உட்காரவில்லை. மதிலோரமாக நடந்தார். காகிதப்பூப் புதர் அடர்ந்திருந்த இடத்தில் கிளையை ஒதுக்கினார். அங்கே ஒரு சின்ன இரும்புக் கதவு. பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துத் திறந்து உள்ளே போனார். வளையத்தை அந்தக் கதவு கேட்கவில்லை. வாரியத்து ஆட்களும் அவர்களுக்கு வேண்டியவர்களும் இத்தனை நாளும் கையில் சிவப்பு எரிந்தபோதெல்லாம் அந்த வழியாகத்தான் போய்வந்திருக்கிறார்கள்.

மோனிஷா புதர் வரைக்கும் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். கட்டுப் போட்ட கையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சாதாரணப் பூட்டுதான்க்கா," என்றாள்.